ஆத்தா ரசீது தருவதில்லை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் மாதக்கணக்கில் இருந்தது. "இனிமேல் ஊசி கிடையாது. இப்படிக்கு, அம்மா" என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கும். எழுதச் சொன்னது என் மகள். அப்போது அவளுக்கு மூன்று வயதுதான், ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பேச்சையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவள் அப்பா ஆபீஸ் ஆட்களிடம் போனில் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள்.

அந்தச் சத்தியத்துக்குக் காரணம் ஒரே நாளில் போட்ட மூன்று ஊசிகள். சென்னையிலிருந்து மெல்பர்னுக்கு வந்த புதிதில், மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் அட்டையை வரி வரியாகப் படித்தார். அங்கே போடாத, இங்கே போட்டே ஆக வேண்டிய ஊசிகளை ஒரு தாளில் குறித்தார். இரண்டு கையிலும் ஒவ்வொன்று, தொடையில் ஒன்று. என் மகள் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த குழந்தைகள், தங்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகாதபோதே அழ ஆரம்பித்துவிட்டன. வெளியே வந்தபோது மற்ற அம்மாக்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"நோ மோர் ஊசி, ரைட்?"

"ரைட்டு."

"ப்ராமிஸ்?"

"சத்தியமா."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். அவளே நாற்காலி போட்டு ஏறி ஒட்டினாள்.

அந்த நர்ஸ் அன்றைக்கே ஒன்று கேட்டிருந்தார். சின்னம்மைக்கான ஊசி அட்டையில் இல்லையே, போடவில்லையா என்றார். இவளுக்குச் சின்னம்மை வந்தே போய்விட்டது, இனி எதற்கு ஊசி என்று நான் மிடுக்காகச் சொன்னேன். அப்படியானால் அதை ஒரு டாக்டர் உறுதிசெய்து பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றார் நர்ஸ். எனக்குப் பிடித்த பாதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்வது என் பழக்கம். 'சரி, ஊசி வேண்டாம்' என்பது மனதில் நின்றது. டாக்டர், பதிவேடு எல்லாம் வீடு போய்ச் சேருவதற்குள் மறந்துபோயின.

அந்தச் சின்னம்மை வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அப்போது நங்கநல்லூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். மகளுக்கு ஒன்றரை வயது. சித்திரை வெயில். ஒரு நாள் காலையில் பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, முதுகு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவதற்காக மாடிப்படி இறங்கினேன். கீழே நின்ற வீட்டுக்கார அம்மாள் பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல செருப்பைக் கழட்டு. ஆத்தா வந்திருக்கா."

"ஆன்ட்டி, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

"டாக்டரா? ஊசி கீசி போட்டா ஆத்தாவுக்குக் கோவம் வந்துரும். மேல போ. நான் வேப்பிலை ஒடிச்சிட்டு வர்றேன்."

நான் இன்ஜினியரிங் படித்தவள். என் கணவரும் அப்படியே. இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல் செருப்பைக் கழற்றினோம். மற்ற எந்த விஷயத்திலும் அந்த அம்மாளிடம் மல்லுக்கு நிற்பவள்தான் நான். தண்ணீர் மோட்டார் விஷயத்தில் நாங்கள் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். ஆனால் அம்மை விஷயத்தில் ஆத்தாவைப் பகைத்துக்கொள்ள நம்மில் யாருக்குத் தைரியம் வரும்?

பத்தாவது நிமிடம் வாசல் நிலையில் வேப்பங்கொத்து ஏறியது. பத்து நாள் அடுப்பில் தாளிப்பு இல்லை. என் கணவர் தாளிக்காத குழம்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி தயிர்சாதம் சாப்பிட்டார். பிள்ளையை வேப்பிலை மேல் படுக்கவைத்தோம், இளநீர் கொடுத்தோம். வீட்டுக்கார அம்மாள் நாள் பார்த்துச் சொல்ல, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை மூன்று முறை தலைக்கு ஊற்றினோம். கடைசியில் மாரியம்மன் கோயிலில் கூழும் ஊற்றினோம். தடிப்பு இறங்கியது. டாக்டர் என்று ஒருவர் எந்த இடத்திலும் இந்தக் கதைக்குள் வரவே இல்லை. அதனால் காகிதம் என்று ஒன்றும் இல்லை.

இனி கிண்டருக்கு வருகிறேன். இங்கே விக்டோரியாவில் பள்ளிக்கூடத்துக்கு முந்தைய வருடத்தை கிண்டர் என்பார்கள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு நல்ல கிண்டர். காத்திருப்போர் பட்டியலில் மாதக்கணக்கில் கிடந்து, நவம்பரில்தான் எங்களுக்கு ஓர் இடம் வந்தது. அதே வாரத்தில் எனக்கும் வேலை கிடைத்தது. மென்பொருளில் தப்பு இருக்கிறதா என்று சோதித்துச் சொல்கிற டெஸ்டர் வேலை. இந்த ஊருக்கு வந்து வீட்டில் உட்கார்ந்தே ஒரு வருடம் ஓடியிருந்தது. பிப்ரவரியில் சேர வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இங்கே எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. கிண்டர் இருந்தால் வேலை. கிண்டர் இல்லையென்றால் மறுபடியும் நானும் ஃபிரிட்ஜும்தான்.

கிண்டரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தடுப்பூசிப் பதிவேட்டிலிருந்து எடுத்த மகளின் அறிக்கையை டிசம்பர் நடுவுக்குள் அனுப்ப வேண்டுமாம். பதிவேட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எல்லா வரியும் சரியாக இருந்தது. ஒரு வரியில் மட்டும் சின்னம்மை ஊசி பாக்கி என்று இருந்தது.

நேரே கிண்டர் ஆபீசுக்கே போய்விட்டேன். அங்கே இருந்த பெண்மணி நல்ல மாதிரி, சிரித்த முகம். சிரித்துக்கொண்டே சட்டத்தைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அறிக்கையைக் காட்டினால் போதும், கிண்டரில் அப்படியில்லை. அறிக்கையில் எல்லாம் போட்டாயிற்று என்று இருக்க வேண்டும், இல்லையென்றால் போட முடியாததற்கான மருத்துவக் காரணத்தை டாக்டர் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும். எங்களுக்கு இஷ்டமில்லை, எங்கள் வீட்டு வழக்கம் வேறு என்பதெல்லாம் இங்கே காரணம் ஆகாது. குறித்த நாளுக்குள் வரவில்லை என்றால் இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்றார்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். என் கணவர் நிதானமானவர். அந்த நிதானம்தான் பல நேரம் எனக்கு ஆத்திரமூட்டுவது.

"ஒரு ஊசிதானே, போட்டுடலாமே," என்றார்.

"அதான் ஏற்கனவே அம்மை வந்துருச்சே! வந்த வியாதிக்கு எதுக்கு ஊசி? ஃபிரிட்ஜ்ல வேற எழுதி ஒட்டி வச்சிருக்கேன். நாளைக்கு அவ என்னை எதையாவது நம்புவாளா?"

"அப்போ டாக்டர்கிட்ட விலக்கு வாங்கு."

"வாங்கறேன் பாருங்க."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது என் குடும்பத்து ரத்தம். அடுத்த நாளே டாக்டரிடம் நேரம் வாங்கினேன்.

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மேலாகப் பார்ப்பார். மகளை என் கணவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும்தான் போயிருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்தது எண்டு ஆர் பாத்துச் சொன்னது? அங்கத்தை டொக்டரோ?" சின்னம்மைக்கு யாழ்ப்பாணத்தில் கொப்புளிப்பான் என்று பெயர், வியாதிக்கு வருத்தம்.

"இல்ல டாக்டர். எங்க வீட்டு ஓனர்."

கண்ணாடியைக் கழற்றினார். "அவ டொக்டரோ?"

"இல்ல... போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிடையர் ஆனவங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் கையைக் காட்டி அமர்த்தினார்.

"குறை நினைக்காதேங்கோ. எங்கட ஊரிலயும் இதே கதைதான். அம்மாள் வருத்தம் எண்டால் ஒருத்தரும் டொக்டரிட்டப் போகமாட்டினம். எனக்கு வந்த நேரம் எங்கட அப்பா வேப்பிலைதான் கட்டினவர். அவரே ஒரு டொக்டர்."

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கணினியைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஆனா இந்தப் படிவத்தில கையெழுத்து வைக்கிறது நான். நினைச்சபாட்டுக்கு வைக்கேலாது. அந்த மருந்துக்குப் பிள்ளைக்கு மோசமான அலர்ஜி வந்திருக்கவேணும். இல்லாட்டி எதிர்ப்புச் சக்தி குறைஞ்ச பிள்ளையா இருக்கவேணும். அதுவும் இல்லாட்டி, வருத்தம் வந்து போனதுக்கு ஆதாரம் வேணும்."

"ஆதாரம் இருக்கு டாக்டர்!"

போனை எடுத்து நீட்டினேன். வேப்பிலை மேல் மகள் மஞ்சள் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் நிலைப்படியில் வேப்பங்கொத்து. அந்தப் படத்தை எடுத்ததற்கே வீட்டுக்கார அம்மாள் என்னைத் திட்டியிருந்தார். டாக்டர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார்.

"எனக்கு வேப்பிலைதான் வடிவாத் தெரியுது. நுளம்பு, உங்கட கொசு, கடிச்சாலும் இப்பிடித்தான் தடிக்கும், வெயிலுக்கும் இப்பிடி வரும். படத்தைப் பாத்து நான் ஒண்டும் சொல்லமாட்டன்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஊசியைப் போட்டால் விசயம் முடிஞ்சுது. வருத்தம் வந்த பிள்ளைக்குப் போட்டாலும் அது ஒண்டும் செய்யாது."

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"ஒரு வழி இருக்கு. ரத்தம் எடுத்துப் பாக்கலாம். கொப்புளிப்பான் வந்திருந்தால் ரத்தத்தில பெரும்பாலும் தெரியும். ஆனா நான் சொல்லுறது, ஊசியே சுகம்."

"ரத்தமே எடுத்துடலாம்!" என்று எழுந்தே விட்டேன். ரத்தத்தை எதை வைத்து எடுப்பார்கள் என்று எனக்கு உறைத்தது கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகுதான். ஊசியைத் தவிர்ப்பதற்காக ஊசி போடச் சம்மதித்துவிட்டு வந்திருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள்.

ஆதரவு தேடிச் சென்னைக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். வீட்டுக்கார அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, பாப்பாவுக்கு வந்தது அம்மைதானே? இங்க ஆதாரம் கேக்கறாங்க."

"எதுக்கு ஆதாரம்?"

"ஸ்கூல்ல சேக்கறதுக்கு. டாக்டர் எழுதின பேப்பர் இருந்தா நல்லா இருக்கும்."

"நல்லா இருக்கே கதை! ஆத்தா வந்துட்டுப் போனதுக்கு ரசீதா குடுப்பா?" முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "நான் எத்தனை அம்மை பாத்திருக்கேன். நான் சொன்னா சொன்னதுதான். அந்த டாக்டரம்மாவை என்கிட்டப் பேசச் சொல்லு."

இரண்டு பேரையும் பேசவிட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. வம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ரத்தப் பரிசோதனைக்கு மகளை எப்படி அழைத்துப் போனேன் என்பதுதான் இந்தக் கதையில் நான் சொல்லக் கூச்சப்படுகிற இடம். "இது ஊசி இல்லடா, கொஞ்சூண்டு ரத்தம் பாக்கறாங்க, அவ்ளோதான்" என்று சொல்லிக் கூட்டிப்போனேன். எந்த வக்கீலும் என்னிடம் தோற்றிருப்பார். கையில் மரத்துப்போகிற களிம்பு தடவி, ஒரு பெண் பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்தினார். என் மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தன் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது ஊசி," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் முன்னால் போனாள். ஏறி நின்று அந்த மஞ்சள் தாளை உற்றுப் பார்த்தாள். படிக்கத் தெரியாத பிள்ளை. நான் எழுதியது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று சரிபார்த்தாள் போலிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. சமையலறைக்குள் போய், தேவையே இல்லாமல் ஒரு வெங்காயத்தை நறுக்கினேன்.

சில நாள் கழித்து டாக்டரே அழைத்தார்.

"பிள்ளையின்ர ரத்தத்தில ஒண்டும் இல்லை. கொப்புளிப்பான் வந்த மாதிரித் தெரியேல்லை."

"லேப்ல தப்பு பண்ணியிருப்பாங்களா டாக்டர்?"

"பரிசோதனை சில நேரம் பிழையா வரும். இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா இதை வச்சுக்கொண்டு நான் கையெழுத்துப் போடேலாது. கூட்டிக்கொண்டு வாங்கோ, ஒரு நிமிச வேலை."

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கக்கூடாது என்று மிகவும் பாடுபட்டார். முடியவில்லை. சோபாவில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அப்போ பத்து நாள் நான் தாளிக்காம சாப்பிட்டது கொசுக்கடிக்கா?"

"போதும்."

"கொசுவுக்குக் கூழ் வேற ஊத்தியிருக்கோம்!"

"போதும்னு சொன்னேன்."

"ஊரான் எழுதின புரோகிராமை எல்லாம் நோண்டித் தப்புக் கண்டுபிடிக்கிறவ நீ. சொந்தப் பொண்ணு முதுகை டெஸ்ட் பண்ணாம விட்டுட்டியே."

அந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்தது அம்மையா, கொசுவா, வியர்க்குருவா என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. வீட்டுக்கார அம்மாளிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. அவர் ஆத்தாவுக்குத்தான் பரிந்து பேசுவார்.

கிண்டர் கொடுத்த கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. ஊசி போட்டு, அது பதிவேட்டில் ஏறி, அறிக்கை கைக்கு வரச் சில நாளாவது வேண்டும். அதற்கு முன்னால் மகளிடம் சொல்ல வேண்டும். வேலைக்கான நேர்முகத் தேர்வில்கூட எனக்கு அவ்வளவு வியர்க்கவில்லை. ஃபிரிட்ஜுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன்.

"அம்மா ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்டா. இன்னும் ஒரு ஊசி இருக்கு."

அவள் ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பா? பொய்யா?"

இந்தக் கேள்வியை யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது. "அன்னைக்குச் சொன்னது தப்பு," என்றேன். "ரத்தம் எடுக்கறப்போ ஊசி இல்லன்னு சொன்னேன் பாரு, அது பொய்."

"அந்த ஊசிக்கு அப்புறம்?"

இங்கேதான் என் வாய் பழையபடி 'அதோட முடிஞ்சுது' என்று சொல்லத் துடித்தது. அடக்கிக்கொண்டேன். நாலு வயதானதும் ஒன்று இருக்கிறது, குளிர்காலம் வந்தால் ஃப்ளூவுக்கு ஒன்று போடுவார்கள், பெரியவளானால் இன்னும் சில உண்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் உதடு பிதுங்கியது. அழுதாள். மடியில் வைத்துக்கொண்டேன். அழுது முடித்ததும் அந்தத் தாளை என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"கிழிச்சிடவா?"

"நோ. இருக்கட்டும்."

கையும் களவுமாகப் பிடிபட்டவளின் வாக்குமூலம் போல அது அங்கேயே இருந்தது. மறுநாள் காலை கிளினிக்கில் ஊசி போட்டபோது அவள் என் தோளைக் கடித்தாள். பிறகு நிமிர்ந்து, "அவ்ளோதானா?" என்றாள். நர்ஸ் ஒரு கோலாக் கரடி ஸ்டிக்கர் கொடுத்தார். அறிக்கை வந்தது, அனுப்பினேன், இடம் உறுதியானது. பிப்ரவரியில் அவள் கிண்டருக்குப் போனாள். நான் வேலைக்குப் போனேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். கிண்டரில் இரண்டாவது வாரமே மகளுக்கு ஓர் உயிர்த்தோழி கிடைத்துவிட்டாள். ஒட்ட வெட்டிய தலைமுடி, எப்போதும் ஒரு நீலத் தொப்பி. அவளுடைய அம்மா டிராம் ஓட்டுகிறவர், சீருடையிலேயே வந்து பிள்ளையை அழைத்துப் போவார். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு விளையாட அனுப்புங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் தயங்கினார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், தவறாக நினைக்காதீர்கள், உங்கள் வீட்டில் எல்லோரும் சின்னம்மை ஊசி போட்டவர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருடைய மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, சிகிச்சை இப்போதுதான் முடிந்திருக்கிறது. பிழைத்துவிட்டாள், ஆனால் அவள் உடம்பு தேறும்வரை அந்த ஊசியைப் போட முடியாது. மற்றப் பிள்ளைகளுக்கு நான்கு கொப்புளத்தோடு போகிற சின்னம்மை இவளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடுமாம். டாக்டர் கையெழுத்துப் போட்ட விலக்கோடுதான் அவள் கிண்டருக்கு வருகிறாள்.

நான் துரத்திக்கொண்டு ஓடினேனே, அதே விலக்கு. அந்தக் கிண்டர் வாசலில் நின்றபடி எனக்கு உள்ளங்கால் வரை கூசியது. ஃபிரிட்ஜில் ஒட்டிய ஒரு தாளுக்காகவும் என் வறட்டு கௌரவத்துக்காகவும் நான் கேட்டுச் சண்டை போட்டது இந்தப் பிள்ளையின் காகிதத்தை. என் கைக்கு அது வந்திருந்தால், அந்த ஊசி போடாத என் மகள் இந்த நீலத் தொப்பியைக் கட்டிக்கொண்டு திரிந்திருப்பாள். டாக்டருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மகள் போட்டுக்கொண்டாள் என்றேன். கணவருக்குக் கல்லூரி ஹாஸ்டலில் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்த சீட்டே இருக்கிறது. "எனக்கும் சின்ன வயதிலேயே வந்துவிட்டது" என்பது நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. எனக்கு வந்தது என்று யார் சொன்னார்கள்? வீட்டில் சொல்வார்கள். நெற்றி ஓரத்தில் இருக்கிற குழியை அம்மைத் தழும்பு என்பார்கள். எந்த டாக்டர் பார்த்தார்?

"எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்," என்றேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் சொல்லாத வாக்கியம் அது.

டாக்டரிடம் போனேன். என்னைப் பார்த்ததுமே கண்ணாடிக்கு மேலாகச் சிரித்தார். "உங்களுக்கும் அம்மாள் வந்தவவோ?"

ரத்தம் கொடுத்தேன். எனக்கும் ஒன்றும் இல்லை. அந்த நெற்றிக் குழி எதனால் வந்ததோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். என் கணவர் இந்த முறை சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் மட்டும் குலுங்கினார்.

சனிக்கிழமை விளையாட்டு தள்ளிப்போனதற்குக் காரணம் அம்மா ஊசி போட்டுக்கொள்ளாததுதான் என்று தெரிந்ததும் என் மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கிளினிக்குக்குத் தானும் வருவேன் என்றாள். வந்தாள். என் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், ஊசி என்றால் எனக்கும் பயம். அவளுக்கு அந்தக் குணம் வானத்திலிருந்து வரவில்லை.

"வலிக்குமாடா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "வலிக்கும். கொஞ்சமா."

வலித்தது, கொஞ்சமாக. நர்ஸ் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெரியவர்களுக்கு இது இரண்டு தடவை, அடுத்த மாதம் மறுபடியும் வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் நாள் குறிக்கக் கணினிப் பக்கம் திரும்பியதும் மகள் என் காதருகே வந்தாள். ரகசியம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"அம்மா, இன்னும் ஒண்ணு இருக்காம். நெக்ஸ்ட் மந்த். நானும் கூட வர்றேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊசி வலியில்தான் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் எனக்கும் ஒரு கோலா ஸ்டிக்கர் கொடுத்தார்.